பத்து மணி நேரமா, பதினொன்றா? சென்னை–லண்டன் பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இது 2023 அக்டோபர் கடைசியில் எங்கள் டிராவல்ஸ் வழியாக டிக்கெட் எடுத்த ஒரு தம்பதியின் பயணம் பற்றிய பதிவு. குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்துடன் எழுதுகிறேன். பெயர்களையும் அடையாளம் தரக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன். தவறில் எங்கள் அலுவலகத்துக்கும் பங்கு உண்டு, அதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

பின்னணி

திருச்சியைச் சேர்ந்த பெரியவருக்கு 72 வயது, அவர் மனைவிக்கு 68. மகள் இங்கிலாந்தில் இருக்கிறார், மகன் திருச்சியில். மகளுக்குப் பிரசவம் நெருங்கியதால் இருவரும் அக்டோபர் கடைசியில் போய் பிப்ரவரியில் திரும்புவதாகத் திட்டம்.

அம்மாவுக்கு ஆறு வருடமாகப் பார்க்கின்சன் நோய். லெவோடோபா மாத்திரை ஒரு நாளைக்கு ஐந்து முறை: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் வீட்டில் இருந்தால் உங்களுக்கே தெரியும், நேரம் என்பது அங்கே வெறும் ஒழுங்குக்காக இல்லை. மாத்திரை வேலை செய்யும்வரை நடை சரியாக இருக்கும். அதன் பலம் இறங்க ஆரம்பித்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அம்மாவுக்கு ஒரு மாத்திரை முக்கால் மணியில் வேலையை ஆரம்பித்து, நான்கு மணி நேரம் தாங்கும். பருப்பு, முட்டை மாதிரி புரதம் மிகுந்த சாப்பாட்டோடு சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது என்பதால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே தர வேண்டும். "நேரத்துக்கு முன்னாலும் வேண்டாம், தள்ளியும் வேண்டாம்" என்று நரம்பியல் மருத்துவர் சொன்னதை ஐயா அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பவர்.

அதனால் இந்தக் குடும்பத்துக்குப் பயண நேரம் எவ்வளவு என்ற கேள்வி மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பெரிய கேள்வி. அதை அவர்கள் எங்களிடம் கேட்கவும் செய்தார்கள். நாங்கள்தான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

டிக்கெட் எடுத்தபோது

ஆகஸ்டில் டிக்கெட் போட்டோம். சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேர் விமானம். இடையில் இறங்கி ஏறுவது அம்மாவால் முடியாது என்பதால் கூடுதல் விலையானாலும் நேர் விமானமே வேண்டும் என்று மகன் சொன்னார். அது சரியான முடிவு. தேதி அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் புறப்பாடு அதிகாலை 5:35, லண்டனில் வந்து சேர்வது காலை 11:05.

"வீல்சேர் போட்டுவிடலாமா சார்?" என்று எங்கள் அலுவலகப் பெண் கேட்டார். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் அவர் நன்றாக நடப்பார். மகளும் சம்பந்தி வீட்டாரும் வந்து நிற்கும் இடத்தில் வண்டியில் உட்கார்ந்து வர அவருக்கு மனமில்லை. மகனும், மாத்திரை நேரத்தைப் பார்த்து அமைத்துக்கொண்டால் இறங்கும்போது நன்றாகவே இருப்பார் என்று நம்பினார். நாங்கள் வற்புறுத்தவில்லை.

நாங்கள் கொடுத்த பிரிண்ட்டில் புறப்படும் நேரம், சேரும் நேரம், லக்கேஜ் எடை எல்லாம் இருந்தன. மொத்தப் பயண நேரம் எவ்வளவு என்ற வரி இல்லை. எங்கள் கணினித் திரையில் அது தெரியும். பல வருடங்களுக்கு முன் ஒரே பக்கத்தில் எல்லாம் அடங்க வேண்டும் என்று நாங்களே அமைத்த பிரிண்ட் அது. இடம் பத்தாமல் அந்த வரியை எடுத்திருந்தோம்.

மகன் போட்ட கணக்கு

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு மகன் உட்கார்ந்து மாத்திரை அட்டவணை தயாரித்தார். படித்தவர், பொறுப்பானவர். அவர் செய்ததைப் படிப்படியாகப் பார்ப்போம், ஏனென்றால் அதில் அலட்சியம் எங்குமே இல்லை.

முதலில் தங்கைக்கு போன் செய்து, "அங்கே இப்போ மணி என்ன?" என்று கேட்டார். அவர் சொன்னதை வைத்து, லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் என்று குறித்துக்கொண்டார். அன்றைக்கு அது முழுக்கச் சரி. பிறகு கழித்தார்: லண்டன் 11:05 என்றால் இந்திய நேரம் பிற்பகல் 3:35. புறப்பாடு 5:35. ஆக, பயணம் பத்து மணி நேரம்.

அதோடு விடவில்லை. சரிபார்க்க நினைத்து, இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று போனில் தேடினார். 8,230 கி.மீ. என்று வந்தது. விமானம் மணிக்கு 850 கி.மீ. போகும், ஏற இறங்க அரை மணி என்று வைத்துக்கொண்டால் 10 மணி 11 நிமிடம். கழித்தலும் வகுத்தலும் ஏறக்குறைய ஒரே விடையைக் கொடுத்தன.

கடைசியாக எங்கள் அலுவலகத்துக்கும் பேசினார். "லண்டன் பத்து மணி நேரம்தானே?" என்று கேட்டிருக்கிறார். "ஆமா சார், பத்து, பத்தரை மணி நேரம் ஆகும்" என்று எங்கள் தரப்பில் பதில் போயிருக்கிறது. திரையைப் பார்த்துச் சொன்ன பதில் இல்லை, வாய்ப்பழக்கத்தில் வந்தது.

மூன்று வழிகளில் கேட்டு மூன்றிலும் பத்து என்றே வந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? உண்மையில் அந்தப் பயணத்தின் நேரம் பதினொரு மணி.

அட்டவணையை அவர் லண்டன் நேரத்தில் எழுதினார். ஐயா விமானத்தில் ஏறியதும் கைக்கடிகாரத்தை நாலரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு 1:30, 5:30, 9:30 மணிக்கு விமானத்திலும், 1:30 மணிக்கு மகள் வீட்டுக்குப் போகும் வழியிலும் மாத்திரை. கையால் எழுதிய தாள், பெரிய எழுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் அடிக்க ஒரு கட்டம். அந்தத் தாளை நான் பிறகு பார்த்தேன். முதல் மூன்று கட்டங்களில் டிக் நேராக விழுந்திருந்தது.

அவர் திட்டப்படி இந்திய நேரம் 2 மணிக்கு மூன்றாவது மாத்திரை, 3:35-க்கு இறங்குதல், குடியேற்ற வரிசையில் ஒன்றே முக்கால் மணி நேரம் போனாலும் அடுத்த மாத்திரைக்கு முன் மகளிடம் போய்விடலாம். அம்மாவின் நல்ல நேரத்துக்குள் எல்லா நடையும் முடிந்துவிடும்.

பயண நாள்

சனிக்கிழமை மாலை மாத்திரை போட்டுவிட்டுக் காரில் சென்னைக்குக் கிளம்பினார்கள். இரவு 10 மணி மாத்திரை வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில். நள்ளிரவு தாண்டி மீனம்பாக்கம். இதுவரை ஒரு குறையும் இல்லை.

விமானம் சரியாக 5:35-க்கு நகர்ந்தது. ஐயா கடிகாரத்தை 1:05 என்று திருப்பி வைத்தார். 1:30-க்கு, அதாவது நம் 6 மணிக்கு, அம்மா முதல் மாத்திரையை விழுங்கினார்.

அடுத்த அரை மணியில், இந்திய நேரம் 6:30-க்கு, விமானம் இன்னும் இந்தியாவைத் தாண்டாத வேளையில், பிரிட்டன் முழுக்கக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போயின. அங்கே அதிகாலை 2 மணி, 1 மணி ஆனது. கோடைக்கால நேரம் முடிந்துவிட்டது. அந்த நொடியிலிருந்து லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். டிக்கெட்டில் இருந்த 11:05 இந்தப் புதிய நேரத்தில் அச்சானது.

பத்தாவது மணி நேரத்தில்தான் ஐயாவுக்கு முதல் குழப்பம் வந்தது. கையில் 11:05. விமானம் இன்னும் உயரத்தில். முன் இருக்கைத் திரையில் சேரும் ஊரின் நேரம் 10:05 என்றும், இன்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருப்பதாகவும் காட்டியது. திரைதான் தப்பு என்று அவர் நினைத்தார். பணிப்பெண்ணிடம் கேட்டபோது, "சரியான நேரத்துக்குப் போய்ச் சேருவோம்" என்றார். அதுவும் உண்மைதான்.

லண்டன் நேரம் 11:10-க்கு விமானம், பயணிகள் இறங்கும் வாசலில் (கேட்) வந்து நின்றது. இறங்கி நடந்தபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, தன் கடிகாரம் ஒரு மணி நேரம் வேகமாக ஓடுகிறது என்று ஐயா முடிவு செய்தார். நின்று, அதைச் சுவர்க் கடிகாரத்தோடு சேர்த்து வைத்தார். எந்தப் பயணியும் செய்யக்கூடிய காரியம். ஆனால் தாளில் இருந்த 1:30 பழைய கணக்கில் எழுதியது. உண்மையில் அடுத்த மாத்திரைக்கான நேரம் இப்போது 12:30 ஆகிவிட்டது.

குடியேற்ற வரிசை நீளமாக இருந்தது. 12:30 கடந்தது. தாளில் 1:30 என்று இருந்ததால் ஐயா காத்திருந்தார். 12:50 வாக்கில், கவுன்ட்டருக்கு முன்னால் தரையில் போட்டிருக்கும் கோட்டருகே அம்மாவின் கால் நின்றுவிட்டது. மேல்உடம்பு முன்னால் போக, கால் வரவில்லை. வீட்டில் இப்படி ஆனால் ஐயா தன் பாதத்தை அவர் காலுக்குக் குறுக்கே வைப்பார், அதைத் தாண்டுவதாக நினைத்து அம்மா காலைத் தூக்குவார். இங்கேயும் அப்படி வைத்துப் பார்த்தார். இரண்டு கையிலும் பை, பின்னால் ஆட்கள். அம்மா முழங்கால் தரையில் பட விழுந்தார்.

ஊழியர்கள் ஓடிவந்து வீல்சேர் கொண்டுவந்தார்கள், வரிசையை விட்டு முன்னால் அழைத்துப்போனார்கள். அங்கே யாரும் குறை வைக்கவில்லை. ஆனால் மாத்திரை? "இப்பவே குடுங்கோ" என்று அம்மா கேட்டிருக்கிறார். "டாக்டர் முன்னாடி தரக்கூடாதுன்னாரே, இன்னும் அரை மணி இருக்கு" என்று ஐயா பொறுக்கச் சொல்லியிருக்கிறார். 1:30-க்குத்தான் கொடுத்தார். முந்தைய மாத்திரைக்கும் இதற்கும் இடையே ஐந்து மணி நேரம். 2:15 சுமாருக்கு, வெளியே மகள் அருகில் உட்கார்ந்திருந்தபோது, அம்மாவால் எழுந்து நிற்க முடிந்தது.

முழங்காலில் சிராய்ப்பும் வீக்கமும். எலும்புக்கு ஒன்றுமில்லை. அடுத்த சில நாள் அம்மா வீட்டுக்குள்ளேயே நடக்கப் பயந்தார் என்று மகள் சொன்னார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

தவறு எங்கே இருந்தது

திங்கட்கிழமை மகள் எங்களுக்கு போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை. "அண்ணா, விமானம் பத்து மணி நேரம்தானே, ஏன் பதினொன்று ஆச்சு? லேட்டா?" என்று கேட்டார். திரையைத் திறந்து பார்த்தேன். ஐந்து நிமிடம்தான் தாமதம். பயண நேரம் என்ற இடத்தில் 11:00 என்று தெளிவாக இருந்தது. பிறகு மகனை வரச் சொல்லி, இருவரும் உட்கார்ந்து அவர் தாளைப் பார்த்தோம்.

முதல் காரணம் கடிகார மாற்றம். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால் வரும். இரண்டும் உலகப் பொது நேரம் (UTC, எல்லா நாட்டுக் கடிகாரங்களுக்கும் அடிப்படையான நேரம்) அதிகாலை 1 மணிக்கு. விமான நிறுவனங்களின் கோடை, குளிர்கால அட்டவணைகளும் அதே ஞாயிறுகளில்தான் மாறுகின்றன.

இது டிராவல்ஸ் நடத்துபவனுக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் கையில் பழகவில்லை. திருச்சியிலிருந்து நாங்கள் அனுப்பும் பயணிகளில் பெரும்பாலோர் போவது சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், சார்ஜா, கொழும்பு. இந்த ஊர்கள் எதிலும் கடிகாரம் மாறுவதே இல்லை. சிங்கப்பூர் என்றால் இரண்டரை மணி கூட்டு, துபாய் என்றால் ஒன்றரை மணி கழி, கொழும்புக்கு ஒன்றுமே வேண்டாம். வருடம் முழுக்க அதே எண். நேர வித்தியாசம் என்பது ஊருக்கு ஊர் நிலையான ஒன்று என்று எங்கள் கை பழகிப்போயிருந்தது.

பயண நேரத்தைக் கணக்கிடப் பிசகாத வழி ஒன்றுதான். இரண்டு நேரங்களையும் பொது நேரத்துக்கு மாற்ற வேண்டும், ஒவ்வொன்றையும் அந்தந்தக் கணத்தில் அங்கே நடப்பில் இருக்கும் வித்தியாசத்தை வைத்து. சென்னை 5:35, ஐந்தரை கழித்தால் பொது நேரம் 0:05. லண்டன் 11:05, அன்று காலை முதல் லண்டனும் பொது நேரமும் ஒன்று, எனவே 11:05. கழித்தால் பதினொரு மணி. மகன் தங்கையிடம் "இப்போ மணி என்ன" என்று கேட்டார். "ஞாயிறு காலை இறங்கும்போது அங்கே மணி என்னவாக இருக்கும்" என்று கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் தூரம். இதை நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் கழித்தலில் வந்த தப்பை உறுதிப்படுத்தியது இந்தத் தூரக் கணக்குத்தான்.

8,230 கி.மீ. என்ற எண் தப்பே இல்லை. சென்னைக்கும் ஹீத்ரோவுக்கும் இடையே பூமியின் வளைவில் கோணம் 74 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. பெருக்கினால் அந்த எண் வந்துவிடும். ஆனால் அது உருண்டைமேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய வழி. விமானம் அந்த வழியில் பறக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை.

அலுவலகத்தில் என் மகளின் பள்ளிக்கூட உலக உருண்டை இருந்தது. தையல் நூலைச் சென்னையிலும் லண்டனிலும் பிடித்து இழுத்துக் காட்டினேன். சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் அரபிக்கடல், வளைகுடா நாடுகள் பக்கமாகப் போகும் என்று தோன்றும் கோடு, உருண்டையில் வடமேற்காக ஏறி, சிந்து, ஈரானின் கிழக்குப் பகுதி, காஸ்பியன் கடல், அசர்பைஜான், தெற்கு ரஷ்யா, உக்ரைன் என்று போய் ஜெர்மனிக்கு மேலாக இறங்கியது. மகன் நூலைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடிக்கிடக்கிறது. நூல் போகும் வழியில் விமானம் போகவே முடியாது, தெற்கே வளைந்துதான் ஆக வேண்டும். வளைவுக்கு ஏற்பத் தூரம் கூடும்.

அப்புறம் காற்று. விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகக் காற்று ஓடுகிறது, குளிர்காலம் நெருங்க நெருங்க அது வலுக்கும். லண்டனுக்குப் போகும்போது எதிர்காற்று, வரும்போது தள்ளுகாற்று. அதனால்தான் இதே வழித்தடத்தில் திரும்பும் பயணம் பெரும்பாலும் குறைவான நேரம் எடுக்கிறது. போகவும் வரவும் தூரம் ஒன்றுதான், நேரம் வேறு.

மூன்றாவதாக, டிக்கெட்டில் இருக்கும் நேரம் சக்கரம் தரையை விட்டு எழும் நேரம் இல்லை. வாசலிலிருந்து விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, சேரும் ஊரில் வாசலில் வந்து நிற்கும் கணம் வரை. பிளாக் டைம் என்போம். தரையில் ஊர்ந்து போவது, ஓடுபாதைக்குக் காத்திருப்பது எல்லாம் அதற்குள். ஹீத்ரோ மாதிரி நெரிசலான இடத்தில் வானத்தில் காத்திருப்பதும் உண்டு. லண்டனைச் சுற்றிப் போவிங்டன், லாம்போர்ன், பிக்கின், ஆக்கம் என்ற நான்கு இடங்களின் வானத்தில் விமானங்கள் அடுக்கடுக்காக வட்டமடித்து முறை வரக் காத்திருக்கும். நிறுவனங்கள் இதையெல்லாம் அனுபவத்தில் கூட்டித்தான் அட்டவணை போடுகின்றன. தூரத்தை வேகத்தால் வகுப்பதில் இவை எதுவும் வராது.

தூரக் கணக்கு பயனற்றது என்று சொல்லவில்லை. பிரிட்டனிலிருந்து கிளம்பும் விமானம் நெடுநேரம் தாமதமானால் தரவேண்டிய இழப்பீடு இந்த வளைவுத் தூரத்தை வைத்துத்தான் முடிவாகிறது: 1,500 கி.மீ. வரை ஒரு தொகை, 3,500 வரை ஒன்று, அதற்கு மேல் போனால் 520 பவுண்டு வரை. நம் நாட்டில் முன்னறிவிப்பில்லாமல் விமானம் ரத்தானால் இழப்பீட்டுக்கு அளவுகோல் பிளாக் டைம். ஒரு மணி நேரத்துக்குள் 5,000, இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. பயணிக்கு இரண்டு எண்ணும் வேண்டியவைதான். ஒன்று கேட்ட இடத்தில் மற்றொன்றை வைக்கக் கூடாது.

மகனுடைய இரண்டு கணக்கும் ஒத்துப்போனது தற்செயல். கடிகார மாற்றம் விழுங்கியது ஒரு மணி நேரம். சுற்றுவழி, எதிர்காற்று, தரையில் கழிந்த நேரம் சேர்ந்து தூரக் கணக்கில் விடுபட்டது ஏறக்குறைய அதே அளவு. ஒரே ஒரு கணக்கு மட்டும் போட்டிருந்தால் அவர் இன்னும் கொஞ்சம் சந்தேகத்தோடு இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். பயணத்தை ஒரு நாள் முன்பு வைத்திருந்தால் தங்கை சொன்ன எண்ணே சரியாக இருந்திருக்கும்.

நான்காவதாக நாங்கள். பிரிண்ட்டில் பயண நேரம் இல்லை. போனில் கேட்டபோது பார்க்காமல் பதில் சொன்னோம். வீல்சேர் வேண்டாம் என்றபோது ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாத்திரை விஷயம் எங்களுக்கு அன்றே தெரிந்திருக்கும்.

எடுத்த முடிவுகள்

அந்த வாரமே பிரிண்ட்டை மாற்றினோம். வாசலிலிருந்து வாசல் வரை எத்தனை மணி நேரம் என்பது இப்போது முதல் வரியில், மற்றதைவிடப் பெரிய எழுத்தில். யார் கேட்டாலும் திரையைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது அலுவலகத்தில் கட்டாயம், நான் உட்பட.

சுவர்க் காலண்டரில் கடிகாரம் மாறும் ஞாயிறுகளைச் சிவப்பில் வட்டமிட்டோம். ஐரோப்பாவுக்கு மட்டும் இல்லை. அமெரிக்கா, கனடா இரண்டின் பெரும்பகுதியிலும் மார்ச் இரண்டாவது ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. சிட்னி, மெல்போர்ன் பக்கம் ஏப்ரல் முதல் ஞாயிறும் அக்டோபர் முதல் ஞாயிறும், அதுவும் தலைகீழாக. லண்டன் வழியாக டொரன்டோ போகிறவர்களுக்கு மார்ச்சில் சில வாரம் இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசமே மாறிவிடும் என்பதை அப்போதுதான் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

"நேரம் பார்த்துச் சாப்பிடும் மருந்து ஏதாவது இருக்கா?" என்ற கேள்வியை டிக்கெட் போடும்போதே கேட்கிறோம். இருந்தால், மருந்து நேரத்தை நாங்கள் சொல்வதில்லை. அது மருத்துவர் வேலை. அவரிடம் கொண்டுபோகச் சரியான பயண நேரத்தை எழுதித் தருகிறோம், அவ்வளவுதான். வீல்சேர் விஷயத்தில், பதிவு செய்துவிட்டு அங்கே போய் வேண்டாம் என்று சொல்வது சுலபம், அங்கே போய்க் கேட்பது கஷ்டம் என்று எடுத்துச் சொல்கிறோம்.

திரும்பிய பயணம்

பிப்ரவரியில் அவர்கள் திரும்பினார்கள். ஹீத்ரோ புறப்பாடு பிற்பகல் 1:40, சென்னை மறுநாள் அதிகாலை 5:15. குளிர்கால வித்தியாசம் ஐந்தரை. பொது நேரத்தில் 13:40-லிருந்து 23:45. பயணம் 10 மணி 5 நிமிடம். போனதைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறைவு.

இந்த எண்ணோடு மகன் திருச்சி மருத்துவரைப் பார்த்தார். அவர் அட்டவணையில் கடிகார நேரமே எழுதவில்லை. முதல் மாத்திரை விமானம் கிளம்பி இருபதாவது நிமிடம், பிறகு நான்கு மணி, பிறகு நான்கு மணி, அடுத்தது சென்னையில் இறங்கிய பின் என்று எழுதிக் கொடுத்தார். வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் விழித்திருப்பதால் ஒரு மாத்திரை கூடுதலாக வரும் என்பதையும் அவரே முடிவு செய்தார். மகள் சமையலறை டைமர் ஒன்றை வாங்கி ஐயா சட்டைப் பையில் போட்டுவிட்டார். கைக்கடிகாரத்தை வீடு போய்ச் சேரும்வரை தொடக்கூடாது என்று பேத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சத்தியம் வாங்கினாராம்.

வீல்சேர் இரண்டு பக்கமும் பதிவு செய்திருந்தோம். ஹீத்ரோவில் அம்மா அதில் உட்கார்ந்தார். சென்னையில் இறங்கியபோது கடைசி மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. விமான வாசலிலிருந்து குடியேற்றக் கவுன்ட்டர்வரை வண்டியில் வந்து, அங்கே எழுந்து நின்று, பெட்டி வரும் இடத்துக்கு நடந்தே போனார். வண்டி பின்னாலேயே வந்தது. காலை 7:30-க்கு, காரில் செங்கல்பட்டு தாண்டும்போது டைமர் அடித்தது.

அடுத்த ஞாயிறு

2024 மார்ச் 31 அன்று பிரிட்டனில் கடிகாரம் முன்னால் போகும் நாள். எங்கள் பயணிகள் மூன்று பேர் அன்று அதிகாலை சென்னையிலிருந்து லண்டன் கிளம்ப இருந்தார்கள். இந்த முறை தப்பு எதிர்ப்பக்கம் விழும்: பழைய ஐந்தரையை வைத்துக் கழித்தால் பதினொரு மணிப் பயணம் பன்னிரண்டு என்று வரும். ஒரு வாரம் முன்பே மூவரையும் நானே கூப்பிட்டுப் பேசினேன். ஒருவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். "பன்னிரண்டு மணி நேரம்னு டாக்டர்ட்ட சொல்லிட்டேனே சார்" என்றார். அலுவலகத்துக்கு வரச் சொல்லி, அவர் பிரிண்ட்டில் பதினொன்று என்று எழுதிக் கீழே கோடு போட்டு, அன்று மாலையே மருத்துவரிடம் திரும்ப அனுப்பினேன்.